அணா விலைச் சுருட்டு

எங்கள் கடையில் புகையிலைச் சாமான் எதுவும் கிடையாது. ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்துக்கொண்டு பீடி, சிகரெட் விற்காமல் காலம் தள்ளுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஹார்பரில் வேலை முடிந்து வருகிறவர்கள் ஒரு கட்டு பீடி கேட்பார்கள்; இல்லை என்றதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். அது அப்பா போட்ட சட்டம். புகையிலை விற்பது பாவம் என்று அவர் நம்பினார். அவர் இறந்து பதினான்கு வருஷம் ஆகிறது. சட்டத்தை நான் மாற்றவில்லை.

அதனால்தான் போன வருஷம் மழைக்குப் பிறகு பரணைக் காலி செய்தபோது கிடைத்ததை என்னால் நம்ப முடியவில்லை.

கூரை ஓர் இடத்தில் ஒழுகியிருந்தது. கொத்தனார் வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். பழைய படிக்கல், துருப்பிடித்த தராசுத் தட்டு, மூடியில்லாத எண்ணெய் டின்கள். எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரோடு ஒட்டி, ஒரு மரப்பெட்டி. உள்ளே தகரம் அடித்திருந்தது. திறந்தேன். நான்கு கட்டுச் சுருட்டு.

மூன்று கட்டுகளை வண்டு தின்றிருந்தது. கை வைத்ததும் மிளகாய்த் தூள் மாதிரிப் பொலபொலவென்று கொட்டியது. நான்காவது கட்டு மட்டும் தனியாக எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, சணல் நூலால் கட்டி, முழுசாக இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டில் ஒரு கப்பல் படமும், ‘25’ என்ற எண்ணும், விலையும் அச்சாகியிருந்தன. விலை அணாவில். அணா ஒழிந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் அணாவைப் புழங்கியதே இல்லை. அப்படியென்றால் இந்தச் சுருட்டு என்னைவிட மூத்தது.

எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்றுதான் இருந்தது. சுருட்டுகளுக்கு நடுநடுவே கறுப்பாக ஏதோ சிதறிக் கிடந்தது. எலிப் புழுக்கை என்று நினைத்து முகம் சுளித்தேன். விரலில் எடுத்து நசுக்கியபோதுதான் தெரிந்தது, கிராம்பு. சுருட்டுக் கட்டுக்குள் யார் கிராம்பு போடுவார்கள்?

சுருட்டு எப்படி வந்தது என்பதை ஓரளவு ஊகிக்க முடிந்தது. அப்பா இந்தக் கடையைச் சரக்கோடு சேர்த்து வாங்கியவர். அவருக்கு முன்னால் இருந்தவர் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றிவிடுகிற வியாபாரி. கப்பல்காரர்களுக்காக வாங்கி வைத்த சுருட்டு மிஞ்சியிருக்கும். விற்பதும் பாவம், காசு போட்டு வாங்கிய சரக்கைத் தூக்கி எறிவதும் பாவம். இரண்டுக்கும் நடுவில் அப்பா பரணைக் கண்டுபிடித்திருப்பார். அதுவரை சரி. இரண்டு சுருட்டு எங்கே போயிற்று? இந்தக் கிராம்பு?

நான் புகைக்கிறவன் இல்லை. கல்லூரி நாளில் நாலைந்து சிகரெட் குடித்ததோடு சரி. ஆனால் மளிகைக்காரனுக்குப் பழசு என்றால் ஒரு கவனம் உண்டு. புது அரிசி குழையும், பழைய அரிசி உதிரும். புதுப் புளியைவிட இரண்டு வருஷம் கிடந்து கறுத்த புளியில் குழம்பு வேறு மாதிரி இருக்கும். பழைய வெல்லத்தை மருந்துக்கென்றே தேடி வந்து கேட்பார்கள். அப்படியானால் அறுபது வருஷம் கிடந்த புகையிலை என்ன ஆகியிருக்கும்? அந்தக் கேள்வி தலைக்குள் புகுந்துகொண்டது. வியாபாரத்தில் மனம் ஓடவில்லை.

ஒரு சுருட்டை எடுத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனேன். அங்கே மீன் விற்கிற அக்கா உட்கார்ந்திருந்தார். காசிமேட்டிலிருந்து காலையில் மீன் எடுத்துவந்து பகல் ஒரு மணிக்குள் விற்று முடிப்பவர். வயதில் என்னைவிட இளையவராகக்கூட இருக்கலாம். முப்பது வருஷமாக நான் அவரை அக்கா என்கிறேன், அவர் என்னை அண்ணாச்சி என்கிறார். கடைசி மீன் விற்றதும் ஒரு சுருட்டைப் பற்றவைப்பது அவர் வழக்கம். சுருட்டு விஷயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே நிபுணர்.

அவர் அதை வாங்கிக் காதருகே வைத்து விரலால் மெதுவாக உருட்டினார். சருகு நொறுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது.

“இன்னா அண்ணாச்சி இது, அப்பளம் மாதிரி கீது? எங்க புட்ச்ச?”

சொன்னேன். சிரித்தார். “உங்க நைனா வச்சதா? பொடி டப்பியைப் பாத்தாலே மூஞ்சத் திருப்பிக்குவாரே அந்த மனுசன்!” பிறகு முகர்ந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. இன்னொரு தடவை முகர்ந்தார். “வாசன சாவல. இப்ப பத்த வச்சின்னா காயிதம் மாதிரி பப்புன்னு எரிஞ்சிரும். ஈரங்காட்டு. தண்ணி படக் கூடாது, ஈரக் காத்துதான் படணும். மெதுவா.”

அப்போதே ஒன்று வேண்டுமா என்று கேட்டேன். “ரெடி பண்ணு, வர்றேன்” என்றார்.

எனக்குப் பிடித்தமான வேலை ஆரம்பித்தது. வண்டு முட்டை ஏதாவது மிச்சம் இருக்குமோ என்ற பயத்தில் முதலில் கட்டை இறுகச் சுற்றி மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்தேன். இட்லி மாவை நகர்த்தி அதை வைத்ததற்காக என் மனைவி அந்த மூன்று நாளும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சிறு கிண்ணத்தில் ஈரப் பஞ்சு வைத்து, சுருட்டுகளைத் தட்டில் அடுக்கி மூடினேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடை திறந்ததும் தட்டோடு எடுத்து எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்தேன். வாரத்துக்குச் சில கிராம் ஏறியது. காற்றிலிருந்து சுருட்டு தண்ணீர் குடிப்பதை எண்ணாகப் பார்ப்பது அதிசயமாக இருந்தது. சில சுருட்டுகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தேன், போய்விட்டது. ஏழாவது வாரம் எடை ஏறவில்லை. அழுத்தினால் பழுத்த சப்போட்டாவின் காம்புப் பக்கம் மாதிரி லேசாக அமுங்கி மீண்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அக்கா வந்தார். கடை ஷட்டர் இறக்கியிருந்தது. பின்னால் இருக்கிற முற்றத்தில் இரண்டு ஸ்டூல் போட்டேன். முற்றத்தை ஒட்டி அம்மாவின் அறை. அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கண்பார்வை மங்கல்; மத்தியானம் படுத்தால் ஐந்து மணிக்குத்தான் எழுவாள். ஜன்னல் திறந்திருந்தது. அவள் தூங்குகிறாள் என்ற நம்பிக்கையில்தான் அங்கே உட்கார்ந்தோம். ஐம்பத்தெட்டு வயதில் அம்மாவுக்குத் தெரியாமல் சுருட்டுப் பிடிக்க உட்கார்ந்திருந்தேன்.

அக்கா நுனியைப் பல்லால் கடித்துத் துப்பினார். எனக்கும் ஒன்று கடித்துக் கொடுத்தார். தீக்குச்சியை உரசிச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். பற்றிக்கொண்டது. முதல் இழுப்பில் எனக்கு எதுவுமே தெரியவில்லை. வெறும் சூடான காற்று. இரண்டாவது இழுப்பிலும் அப்படியே. ஏழு வாரம் வீண் என்று நினைத்தேன். இருமலாவது வந்திருக்கலாம்.

“காரமே இல்லியே” என்றார் அக்கா, ஏமாற்றத்தோடு. “இன்னா அண்ணாச்சி இது, கோயில்ல சாம்பிராணி போட்ட மாதிரி கீது.”

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். சாம்பல் சிதறாமல் வெள்ளையாக ஒரு விரற்கடை நின்றது. அப்போதுதான் ஏதோ மாறியது. முதலில் பழைய புளி வைத்த மண்பானையைத் திறந்தால் வருகிற மணம். அதன் பின்னால் கருப்பட்டி. பிறகு மழை நனைத்த மரப்பலகை. ஒவ்வொன்றும் வந்து, நான் பெயர் சொல்வதற்குள் போய்விட்டது. நாக்கில் ஒன்றும் உறைக்கவில்லை. மூக்கில்தான் எல்லாம் நடந்தது. அக்காவைப் பார்த்தேன். அவரும் பேச்சை நிறுத்தியிருந்தார். வழக்கமாக அவர் சுருட்டை வாயில் வைத்தபடியே ஊர்க்கதை முழுவதும் பேசுவார்.

“உள்ளுக்கு வர வர நல்லாத்தான் கீது” என்றார். “ஆனா இத்தக் குட்சிகினு மீன் விக்க முடியாது. தூக்கம் வந்துரும்.”

அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“ஏல, அந்தச் சுருட்ட யாரு பத்த வச்சது?”

சுருட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். பிறகுதான் அந்தக் கேள்வி உறைத்தது. ‘யாரு சுருட்டுப் பிடிக்கா’ என்று அம்மா கேட்கவில்லை. ‘அந்த’ச் சுருட்டு என்றாள்.

உள்ளே போனேன். அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா வாசலில் நின்றார்.

“எந்தச் சுருட்டும்மா?” என்றேன்.

“பரண்ல இருந்தது. கப்பல் படம் போட்டது.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“என்னத்துக்கு இப்படி முழிக்க? ரெண்டு நாந்தாம்ல குடிச்சேன்.”

வாசலில் அக்கா “அய்யோ பெரிம்மா!” என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

அம்மா சொன்னாள். கல்யாணம் ஆகி வந்த புதிது. அப்பா ஊருக்குப் போயிருந்தார், பத்து நாள். பரணில் புளி எடுக்கப் போனவள் பெட்டியைப் பார்த்தாள். இவ்வளவு பாவம் பாவம் என்கிறாரே, அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அடுப்பங்கரையில் உட்கார்ந்து கொள்ளியில் பற்றவைத்தாள். நாலு இழுப்பில் தலை சுற்றி, வாந்தி எடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு படுத்தவள்தான்.

“அப்புறம் எதுக்கு ரெண்டாவது?”

“மொதல்ல குடிச்சது வெறும் வயித்துல. அதனாலதான் அப்படி ஆயிட்டோன்னு சந்தேகம். மறுநாள் சோறு தின்னுட்டு குடிச்சுப் பாத்தேன். அப்பவும் வாந்திதான்.” அம்மா சிரித்தாள். “மிச்சத்த மடிச்சு வச்சேன். மணம் வெளிய தெரியக் கூடாதுன்னு ஒரு பிடி கிராம்ப அள்ளிப் போட்டேன். இப்ப ஜன்னல் வழியா அந்தக் கிராம்பு மணம் வந்ததும் தெரிஞ்சிட்டு.”

வண்டு ஏன் அந்தக் கட்டை மட்டும் தொடவில்லை என்பது அப்போது விளங்கிற்று.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“ஊர்ல இருந்து வந்ததும் வாசல்ல நின்னே மோந்து பாத்தாவ. ஒண்ணும் கேக்கல. ராத்திரி சாப்பிடும்போது மெதுவா கேட்டாவ, ‘எப்படி இருந்துச்சு?’ன்னு.”

“கோபப்படலையா?”

“இல்ல. தெரிஞ்சுக்கணும்னு ஆச, அவியளுக்கு. நான் பூரா சொன்னேன். எப்படிப் பத்துச்சு, என்ன ருசி, எப்படித் தல சுத்திச்சு, எல்லாம். சோத்துல கைய வச்சுக்கிட்டுக் கேட்டாவ. அப்புறம், ‘சரி, இனி வேண்டாம்’னாவ. அவ்வளவுதான்.”

எனக்குத் தெரிந்த அப்பா ஒரு கேள்வியும் கேட்காதவர், உத்தரவு மட்டும் போடுகிறவர். அவர் புது மனைவி சொல்வதைத் தட்டில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்ததை நினைக்க நினைக்க எனக்கு அந்த மனிதரை இன்னொரு முறை பார்க்க வேண்டும்போல் இருந்தது.

அம்மா கையை நீட்டினாள். தயங்கினேன். “குடு அண்ணாச்சி, ரெண்டு இஸ்ப்புதானே” என்றார் அக்கா. கொடுத்தேன். அம்மா பொக்கை வாயில் வைத்து மெதுவாக இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இந்தச் சுருட்டு இளசாக இருந்தபோதும் இப்போதும் குடித்துப் பார்த்த ஒரே ஆள் அவள்தான் என்பது எனக்குச் சட்டென்று தோன்றியது. உலகத்தில் வேறு யாரிடமும் கேட்க முடியாத கேள்வியை அவளிடம் கேட்டேன்.

“எப்படி இருக்கு? அன்னைக்கு மாதிரியா?”

இன்னொரு முறை இழுத்தாள்.

“அன்னைக்கு இது என்னய அடிச்சிட்டு. காரத்துல மணமே தெரியல. இப்ப காரம் பூரா போயிட்டு, மணம் மட்டும் நிக்கி. நல்லாத்தான் இருக்கு.” சுருட்டைத் திருப்பிக் கொடுத்தாள். “ஆனா அன்னைக்குக் குடிச்சதுதான் சுருட்டு.”

“கரெட்டா சொன்ன பெரிம்மா” என்றார் அக்கா. தன் இடுப்பிலிருந்து சொந்தச் சுருட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு மாதத்துக்கு ஒன்றாக நான் குடித்துப் பார்க்கிறேன். ஒரே கட்டில் இருந்தவைதான், ஆனால் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. ஒன்றில் கிராம்பு தூக்கலாக இருந்தது. இரண்டில் கடைசிவரை வெறும் சூடான காற்றுதான். அக்கா காசிமேடு முழுவதும் சொல்லிவிட்டதால் விசைப்படகு டிரைவர் ஒருவர் தேடி வந்து ஒன்று கேட்டு வாங்கிப் போனார்; நான் காசு வாங்கவில்லை. மறுநாள் வந்து, அழுகிற அளவுக்கு நன்றாக இருந்தது என்றார். அவருக்குக் கிடைத்ததில் என்ன இருந்ததோ, தெரியவில்லை.

அம்மா மறுபடி சுருட்டுக் கேட்கவில்லை. நான்தான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அறையில் போய் உட்கார்கிறேன். இந்த வீட்டில் ஐம்பத்தெட்டு வருஷம் அவளோடு இருந்தும் அவளிடம் நான் கேட்டதெல்லாம் சோறு ஆயிற்றா, மாத்திரை போட்டாயா என்பதுதான். போன வாரம், அப்பாவுக்குத் தெரியாமல் வேறு என்னவெல்லாம் செய்தாய் என்று கேட்டேன். ஹார்பரில் நின்ற ஒரு கப்பலில் ஏறி, அதன் சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். யார் கூட்டிப் போனார்கள் என்றேன்.

“யாரும் கூட்டிப் போகல” என்றாள். “கேட்டேன், ஏத்தி விட்டாவ.”