நெற்றி வந்தது, இலக்கம் வரவில்லை

நான் பூவரசங்குளத்தில் வாடகை வான் ஓட்டுகிறேன். ஐந்தாம் வகுப்புவரை படித்தவன், கூச்சக்காரன். சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இணையத்தில் வான் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வவுனியாவில் ஒரு கொம்பியூட்டர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று, ஆங்கில எழுத்து மட்டும் உள்ள வெறும் பக்கம். மற்றது, ஆயத்தமாகச் செய்துவைத்த அலங்காரப் பக்கம். அதில் பூக் கொட்டும், பாட்டுக் கேட்கும். தமிழ் எழுத்தையெல்லாம் படமாகப் போடுவார்கள்.

“இதுதான் அண்ணை எடுப்பு” என்றார். தலையாட்டிவிட்டேன். என் முகத்தைப் படம் பிடித்து, பக்கத்தில் பெரிதாகப் போட்டார்.

மாதக்கணக்காக ஓர் அழைப்பும் இல்லை. லண்டனிலிருந்து வந்த மச்சான்கூட வேறு வானில் வந்து இறங்கினான்.

“தேடினால் உன்ரை வான் வருகுதில்லை, மச்சான். படத்திலை இருக்கிற எழுத்தை அது வாசிக்காதாம். பக்கத்தின்ரை விலாசத்தை அடிச்சுப் போனால், உன்ரை நெத்தி வரமுன்னம் நான் தேத்தண்ணி குடிச்சு முடிச்சிட்டன்.”

இன்னொரு கடையில் திறந்து பார்த்தோம். பூக் கொட்டியது. என் சிரித்த முகம் அங்குலம் அங்குலமாக இறங்கி, மூக்கோடு நின்றது. இணைப்பு அறுந்துவிட்டது. தொலைபேசி இலக்கம் பக்கத்தின் அடியில் இருந்தது.

இப்போது வெறும் எழுத்துப் பக்கம்தான், முதல் வரியில் இலக்கம். உடனே திறக்கிறது, தேடினாலும் வருகிறது. எதை மாற்றினாலும் வேறு கடையில் திறந்து பார்த்த பிறகே சரி சொல்கிறேன். பழைய கடைக்காரர் இன்னும், “பூ மட்டும் போடுவமா, அண்ணை?” என்று கேட்கிறார். வேண்டாம் என்கிறேன், நிலத்தைப் பார்த்தபடிதான்.