சங்ககிரிக்குப் போட்ட திட்டம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆனி மாதம், என் வீட்டுக்காரருக்குக் கண் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்வை ஒரு வருஷம் தாங்கினால் பெரிது என்றார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதேன். இவரோ போத்தனூர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் வழி எழுத உட்கார்ந்துவிட்டார்.

சரித்திர வாத்தியார் அவர். இருபது வருஷமாகச் சங்ககிரிக் கோட்டையைப் பற்றிப் பாடம் நடத்தியும், ஒரு தரம்கூட நேரில் பார்த்ததில்லை. கேட்டால் "லீவு கெடைக்கோணுமல்லொ" என்பார். கிடைத்த லீவையெல்லாம் என் சொந்தக்காரர்களின் கல்யாணமும் கருமாதியும் தின்றுவிட்டன.

என் தம்பியின் புல்லட்டில் பின்னால் உட்கார்ந்து போவதென்று திட்டம். முதல் நாள் விஜயமங்கலத்துச் சமணக் கோயில். மறுநாள் ஓடாநிலையில், வெள்ளைக்காரனை எதிர்த்த பாளையக்காரரின் கோட்டை இருந்த இடம். அப்புறம் பவானி. அந்தப் பாளையக்காரரைத் தூக்கில் போட்ட ஆடிப் பதினெட்டு அன்று சங்ககிரி மலை ஏற வேண்டும்.

"அன்னிக்கே அங்க போய் நிக்கோணும் அம்மணி. மத்த நாள்ல போறதும் ஒண்ணு, போகாததும் ஒண்ணு" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. "நீங்க வெறுமனே உக்காருங்க மாமா, நான் பாத்துக்கறேனுங்க" என்று தம்பியும் துள்ளினான்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஆடிக் காத்து ஆளையே தள்ளும். சேலம் ரோடு முழுக்க லாரி. எனக்கென்று இருப்பது புருஷனும் தம்பியும்தான், அந்த இரண்டு பேரும் ஒரே வண்டியில்! எங்கள் வீட்டில் எந்தப் பெரிய காரியத்துக்கும் அம்மனிடம் பூக்கேட்காமல் இறங்க மாட்டோம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சந்நிதியில் போட்டு, ஒன்றைப் பூசாரி எடுப்பார். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

வெள்ளை வந்தது.

நான் நகரவில்லை. "இன்னொருக்கா போடுங்க" என்றேன்.

"ஏனுங்க அம்மணி, ஆத்தா உத்தரவு குடுத்துப்போட்டாளுங்க. திருப்பிக் கேக்கப்படாதுங்க" என்றார் பூசாரி.

"போடுங்கன்னா போடுங்க!"

இரண்டாம் தரம் சிவப்பு வந்தது. அதை மட்டும் வீட்டில் போய்ச் சொன்னேன். முதலில் வந்த பூவைப் பற்றி இன்றுவரை நான் வாய் திறக்கவில்லை. அவருக்குப் பூவிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செரி, அடுத்த ஆடிக்குப் போலாம். கோட்டை எங்க ஓடிரப்போவுது" என்றார்.

தையில் பக்கவாட்டுப் பார்வை போனது. சித்திரையில் என் குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதையும் விடாமல் செய்தேன். அடுத்த ஆடிப் பதினெட்டுக்கு, வேண்டாம் வேண்டாம் என்றவரைக் கட்டாயப்படுத்திப் பஸ்ஸில் சங்ககிரிக்குக் கூட்டிப்போனேன். பாவி மனசு, எதையாவது செய்து தன்னைத் தேற்றிக்கொள்ளத் தவித்தது.

பாளையக்காரருக்கு மாலை போட வந்த கூட்டத்தில் இடிபட்டு, ஒரு கோட்டை வாசல் வரைக்கும் ஏறினோம். மூச்சு வாங்கியபடி நிமிர்ந்து நின்றார்.

"என்ன தெரியுதுன்னு சொல்லு அம்மணி."

"செவுருங்க. பெரிய செவுருங்க."

"அப்பறம்?"

"கதவு வெக்கற எடமுங்க. அதுக்கு மேல இன்னொரு செவுருங்க."

"இது எத்தனாவது வாசல்? கல்லுல என்ன செதுக்கியிருக்குது?"

"தெரியலீங்க."

இருபது வருஷம் சோறு போடும்போதெல்லாம் அவர் இந்தக் கோட்டையைப் பற்றித்தான் பேசினார். நான் ஒரு நாள்கூடக் காது கொடுத்ததில்லை. இன்னும் ஏதாவது சொல்வேன் என்று முகத்தை என் பக்கம் திருப்பி வெகுநேரம் காத்திருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சத்தம் கேட்டிருக்க வேண்டும். கையை நீட்டி என் தோளைத் தேடிப் பிடித்தார்.

"நல்லாத்தான் சொன்னே அம்மணி. அப்படியே பாத்த மாதிரி இருந்துது. எறங்கலாம் வா" என்றார்.