ஒரு சொல்லுக்காக எழ மறுத்த நாள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. அரசியல் அறிவியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரிக்கும் இங்கிலாந்தில் உள்ள ஒரு கல்லூரிக்கும் ஏதோ ஓர் ஏற்பாடு இருந்தது. அதன்படி ஒரு மாணவர் நான்கு மாதம் அங்கே போய், ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் பயிற்சி பெறலாம். அந்த வருடம் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

செய்தி தெரிந்ததும் சேலையூரில் எங்கள் தெருவே வீட்டுக்கு வந்துவிட்டது. "பொண்ணுக்கு அரசியல் எதுக்கு? அதுவும் வெள்ளைக்காரன் ஊர்ல போய்?" என்று அம்மாவைக் குடைந்தார்கள். அப்பா மின்சார ரயில் ஓட்டுநர். அதிகம் பேச மாட்டார். கல்லூரி கேட்டிருந்த சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிப் போய்விட்டார். அத்தோடு பேச்சு முடிந்தது.

நான் போய்ச் சேர்ந்தது வட இங்கிலாந்தில் மழை விடாத ஒரு சின்ன ஊர். பார்லிமெண்ட், விவாதம் என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டு போனவளுக்குக் கிடைத்த வேலை, கவர்களில் துண்டறிக்கை மடித்துப் போடுவது. அலுவலகப் பொறுப்பாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. மோசமானவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடம் பேசும்போது மட்டும், காது கேளாதவரிடம் பேசுவதுபோல் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவார். "எனக்கு ஆங்கிலம் தெரியும்" என்று முதல் வாரமே சொல்லிப் பார்த்தேன். "ரொம்ப நன்றாகத் தெரிகிறது" என்று அதே சத்தத்தில் பாராட்டினார்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அந்த எம்.பி. ஊர் நூலகத்தில் ஒரு மேசை போட்டு உட்காருவார். யார் வேண்டுமானாலும் வரிசையில் வந்து குறை சொல்லலாம். ஒரு கிழவர் தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று முகத்துக்கு நேரே விரலை ஆட்டித் திட்ட, அவர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் கவுன்சிலர் வீட்டுக் கேட்டைத் தாண்டுவதற்கே ஆள் பிடிக்க வேண்டும்.

அப்படி ஒரு சனிக்கிழமை, யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த ஒரு கணவனும் மனைவியும் வருவதாக இருந்தது. கணவரின் அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகி, அவரைத் திருப்பி அனுப்ப உத்தரவாகியிருந்தது. இருவருக்கும் ஆங்கிலம் போதாது. பொறுப்பாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். "எம்.பி.யால் இதில் செய்ய ஒன்றும் இல்லை. வருந்துகிறோம் என்று உன் மொழியில் பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிடு. ஐந்து நிமிடம் போதும்" என்றார். கவர் மடிக்கிறவளுக்கு முதல் முறையாக, எம்.பி.யின் மேசைக்கு அடுத்த மேசையில் ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது. சரி என்று தலையாட்டினேன்.

அவர்கள் வந்தார்கள். கணவர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மனைவிதான் பேசினார். என்னைச் சொல்லச் சொன்ன வருத்தத்தை நான் சொல்லி முடிப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"எங்களுக்கு அனுதாபம் வேண்டாம் தங்கச்சி. என்ன காரணத்துக்கு மறுத்தவை எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

கேட்டேன். பொறுப்பாளர் பதில் சொன்னார்: விசாரணையில் அவரே உண்மையைச் சொல்லிவிட்டாராம். ராணுவம் அவரைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பேசியது, பிறகு விட்டுவிட்டது, அவ்வளவுதான் என்று. பேசிவிட்டு அனுப்பியவர்களால் என்ன உயிராபத்து?

தமிழில் சொன்னேன். கணவர் முதல் முறையாக நிமிர்ந்தார். "ஓம், பேசினவைதான்" என்றார்.

எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அவரே ஒப்புக்கொள்கிறாரே! "ஆமாம், பேசினார்கள் என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் மேசையைத் தட்டினார்.

"நீங்கள் என்ன சொல்லுறீங்கள்? பேசினவை எண்டால் கதைச்சவை இல்லை. கெட்ட தூஷணத்தால பேசினவை. பேசிப் பேசி அடிச்சவை. இவரால இண்டைக்கும் இடக்கையைத் தூக்க ஏலாது."

கணவர் கையைத் தூக்கிக் காட்டினார். தோள் வரைகூட வரவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நமக்குப் பேசுவது பேசுவது. அவர்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது; நாம் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். "அடிச்சதை விசாரணையில் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொல்ல விட்டால்தானே? பேசினவை எண்ட உடனே அடுத்த கேள்விக்குப் போயிட்டினம். மொழிபெயர்த்தவர் இந்தியா ஆள். உங்களை மாதிரித்தான் கதைச்சவர்."

உங்களை மாதிரி. அந்தச் சொல் என்னைச் சுட்டது. நான் பொறுப்பாளரிடம் திரும்பி நடந்ததை விளக்கினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இது வக்கீல் விஷயம், வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள், இவர்களை அனுப்பு என்றார். நீ இங்கே கவனிக்க வந்திருக்கிறாய், வாதாட அல்ல என்றும் சொன்னார்.

"அனுப்புவதானால் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். நான் சொல்ல மாட்டேன். எம்.பி. இதைக் கேட்கிற வரைக்கும் இந்த நாற்காலியை விட்டு எழவும் மாட்டேன்" என்றேன்.

என் குரலா அது? உன் கல்லூரிக்கு எழுத வேண்டியிருக்கும் என்று அவர் மெல்ல எச்சரித்தார். அந்த நான்கு மாதத்தில் அவர் என்னிடம் சாதாரணக் குரலில் பேசியது அப்போதுதான். எழுதுங்கள் என்றேன். அந்த யாழ்ப்பாணப் பெண்ணுக்கு நாங்கள் பேசிய ஆங்கிலம் புரிந்ததோ இல்லையோ, அவரும் நாற்காலியை இன்னும் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த மேசையிலிருந்து எம்.பி. எழுந்து வந்தார். என்ன தகராறு என்றார். சொன்னேன். ஒரே மொழியில் ஒரே சொல்லுக்கு எப்படி இரண்டு அர்த்தம் இருக்கும் என்று சந்தேகப்பட்டார். "உங்கள் ஊர் ஆங்கிலம் எனக்கு எத்தனை இடத்தில் புரியாமல் போகிறது, லண்டன்காரருக்கு உங்கள் பேச்சு புரிகிறதா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். பிறகு உட்கார்ந்து, அந்தப் பெண் சொன்னதை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவர் கோபமாகச் சொன்னதைக் கோபமாகவே சொன்னேன். ஒன்றையும் மெழுகவில்லை. உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, ஆனால் மறுவிசாரணை கேட்டு எழுதுகிறேன் என்று எம்.பி. சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமையிலிருந்து நான் மறுபடி கவர் மடித்தேன். நூலகத்துக்கு என்னை அதற்குப் பிறகு அழைத்துப் போகவே இல்லை. ஊர் திரும்பும் முன்பு மறுவிசாரணைக்கு உத்தரவானது மட்டும் தெரிந்தது. சேலையூருக்கு வந்து சில மாதம் கழித்து, அன்று நூலகத்தில் நான் எழுதிக் கொடுத்திருந்த பக்கத்து வீட்டு எண்ணுக்கு ஒரு போன். ஓடிப்போய் எடுத்தேன். "தங்கச்சி, இருக்க விட்டிட்டினம்!" என்றார் அந்தப் பெண். வேறு என்ன பேசினோம் என்று நினைவில்லை, இரண்டு பக்கமும் அழுதோம்.

கதை இதோடு முடிந்திருந்தால், இப்படியெல்லாம் நடப்பது வெள்ளைக்காரன் ஊரில்தான் என்று நினைத்துக்கொண்டு இருந்திருப்பேன். அதே வருடம் எங்கள் தெரு நலச் சங்கத்தின் கூட்டம் பக்கத்து வீட்டுக் கூடத்தில் நடந்தது. எதிர்வீட்டு மாடிப் போர்ஷனில் ஓர் ஈழத் தமிழ்ப் பெண், பள்ளிக்கூடம் போகும் இரண்டு மகள்களோடு குடியிருந்தார். அவர்களைக் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்று பேச்சு வந்தது. அப்போது ஈழத் தமிழர் என்றாலே ஊரில் ஒரு சந்தேகப் பார்வை.

"யாரு என்னன்னே தெரியல. நாளைக்கு போலீஸ் வந்தா நம்ம எல்லாருக்கும் பேஜாரு" என்றார் செயலாளர். யார் யார் சம்மதம், கையைத் தூக்குங்கள் என்றார். கைகள் எழுந்தன.

நான் எழுந்து நின்றேன். "தெரியலைன்னா கேட்டுத் தெரிஞ்சுக்கலாமே சார். எதிர்லதானே இருக்காங்க, கூப்பிடறேன்."

"நாலு மாசம் ஃபாரின் போயிட்டு வந்து எங்களுக்கே அரசியல் சொல்லித் தரியாம்மா? உக்காரு."

பக்கத்தில் அப்பா இருந்தார். கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் காலை மடக்கி எனக்கு வழி விட்டார். தெருவைத் தாண்டிப்போய்க் கதவைத் தட்டினேன். அந்த வீட்டுப் பெண் பெரிய மகளைக் கூட்டிக்கொண்டு, முடியை அள்ளி முடிந்தபடியே வந்து எல்லார் முன்னாலும் நின்றார்.

"ஒளிக்க ஒண்டும் இல்லை. கேளுங்கோ" என்றார்.

கையைத் தூக்கியவர்களில் ஒருவருக்கும் கேள்வி வரவில்லை. கடைசியில் யாரோ போலீசில் பதிவு செய்தீர்களா என்றார். வந்த மாதமே செய்தாயிற்று என்றார் அவர். வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாடகை குடுக்கறது நான், அதாவது வாங்கறது நான். எனக்கு ஒரு புகாரும் இல்ல" என்று உளறினார். கூட்டம் அத்தோடு கலைந்தது. அந்தக் குடும்பம், சின்னவள் ப்ளஸ் டூ முடிக்கும்வரை அங்கேயே இருந்தது. செயலாளர் எங்கள் குடும்பத்தோடு பேசுவதை நிறுத்தினார். அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் முடிவெடுக்கும் எந்தக் கூட்டத்திலும் அதற்குப் பிறகு என்னால் கை தூக்க முடிந்ததில்லை. யாருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் சரி, முதலில் எழுந்துபோய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.