காடு எழுந்திருக்கும் வரை

என் வீட்டுக்காரிக்குப் பள்ளிக்கூடத்தில் 'லீவு டீச்சர்' என்று பெயர். யாராவது பிரசவத்துக்குப் போனால், காலை உடைத்துக்கொண்டால், இவளைக் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் இவளோடு ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் அந்த டீச்சர் திரும்பி வந்துவிடுவார். "எனக்குன்னு ஒரு கிளாஸ் இருந்தா..." என்று இவள் ஆரம்பித்தாலே நான் தையல் மெஷினை வேகமாக மிதிப்பேன். கேட்கத் தாங்காது எனக்கு.

ஒருவழியாக ஒன்றாம் வகுப்பில் நிரந்தர இடம் ஒன்று காலியானது. தலைமையாசிரியை, எல்லோருக்கும் 'பெரிய மிஸ்', வந்து உட்கார்ந்து ஒரு பாடம் பார்ப்பாராம். பிடித்தால் வேலை, இல்லையென்றால் பழைய குருடி கதவைத் திறடிதான். வேறு யாராவது என்றால் ஆடு மாடு படத்தைக் காட்டிவிட்டுப் பிழைத்துக்கொள்வார்கள். இவள் மழைக்காட்டைப் பற்றி நடத்தப் போகிறாளாம்!

"மூக்கு ஒழுகுறதே தெரியாத பிள்ளைங்க. அதுங்களுக்கு மழைக்காடு எங்க தெரியப்போவுது?" என்று கத்தினேன்.

"அதனாலதாங்க நடத்தணும். நீங்க மரம்வெட்டியா வாங்க. மீசை இருக்குல்ல?"

எனக்கு வந்ததே கோபம்! ஆனாலும் மறுநாள் அட்டைக் கோடரியும் கையுமாக வகுப்பு மூலையில் நின்றேன். என்ன செய்வது, கட்டிக்கொண்டாயிற்றே.

ஏற்பாடு இதுதான். ஒரு கோடியில் தண்ணீர் வாளி, அது கடல். என் கடையில் மிஞ்சிய பச்சைத் துணியைத் தோளில் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும் பிள்ளைகள் எல்லாம் மரங்கள். மறு கோடியில் ஒரு செடித்தொட்டி. அது தூரத்து வயல். அதற்குக் காவல் கடுகு என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமி. ஆள்தான் அத்தனூண்டு, வாயைத் திறந்தால் தெருக்கோடிக்குக் கேட்கும்.

"கடல்லேர்ந்து வர்ற மழையை மரம் குடிக்கும். குடிச்சதை ஆவியா மேல விடும். அது மேகமாகி அடுத்த காட்டுக்குப் போய்ப் பெய்யும். அப்படியே கைமாறிக் கைமாறிக் கடைசி வயல் வரைக்கும் மழை!" என்றாள் இவள். ஒரு டம்ளர் தண்ணீர் மரத்துக்கு மரம் கைமாறி, பாதி சட்டைகளில் சிந்தி, மீதி தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே கைதட்டல். பெரிய மிஸ் மட்டும் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார்.

அடுத்து நான். இரண்டு மூன்று மரங்களை வெட்ட வேண்டும், தண்ணீர் நிற்க வேண்டும், பிள்ளைகள் வருத்தப்பட வேண்டும். அதுதான் திட்டம். முதல் மரத்தைக் கோடரியால் தொட்டேன். அவன் "ஆஆ!" என்று உருண்டு விழுந்து கெக்கெக்கே என்று சிரித்தான். அவ்வளவுதான்!

"அங்கிள், என்னை வெட்டுங்க!"

"அடுத்து நானு, நானு!"

கோடரியைத் தூக்குவதற்குள் மீதிக் காடும் தானாகவே விழுந்துவிட்டது. தரையெல்லாம் பச்சை, ஒருவர்மேல் ஒருவர் புரண்டு கும்மாளம். இவள் பேயறைந்தமாதிரி நின்றாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் பெரிய மிஸ் பக்கம் பார்த்தேன்.

அப்போதுதான் கடுகு கத்தினாள்: "எனக்குத் தண்ணி வரல! எந்திரிங்கடா எல்லாரும்!"

எல்லோரும் துள்ளி எழப் பார்த்தார்கள்.

"அப்படியே இருங்க!" என்றாள் இவள். "மரம் டபக்குனு எந்திரிக்குமா? விதை முளைக்கணும், இலை விடணும். நீங்க தாத்தா பாட்டி ஆனாலும் அது வளர்ந்துகிட்டேதான் இருக்கும். மெதுவா எழுந்திருங்க. இன்னும் மெதுவா."

சிரிப்பு அடங்கியது. ஒரு விரல் நிமிர்ந்தது. அப்புறம் ஒரு தலை. கடைசிப் பெல் அடித்தபோது காடு முழங்கால் உயரம்கூட வரவில்லை. மற்ற நாளாக இருந்தால் அந்தப் பெல்லுக்குக் கட்டடமே அதிரும். இன்று ஒரு பிள்ளைகூட அசையவில்லை. கடுகு தொட்டியைத் தடவிக்கொடுத்து, "பொறுத்துக்கோ, வந்துகிட்டே இருக்காங்க" என்றாள். நான் கோடரியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

வாசலில் ஒரு அப்பா எட்டிப் பார்த்து, "நேரமாகுதே, பையனை அனுப்புறீங்களா?" என்றார். பெரிய மிஸ் எழுந்து போனார். முடிந்தது கதை என்று நினைத்தேன். அவர் நிலைப்படியில் கையை நீட்டி மறித்து நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க, காடு வளர்ந்துகிட்டு இருக்கு. இது அவங்க கிளாஸ். அவங்க அனுப்பும்போது அனுப்புவாங்க."

இவள் திரும்பிப் பார்க்கவில்லை. "மெதுவா, கண்ணுங்களா," என்றாள்.