சந்திரம்மாள் சொல்லாமல் விட்ட செடி

எங்கள் திருவானைக்காவல் தெருவில் நாய் வளர்ப்பவர்கள் நர்சரியில் செடி வாங்கினால் நேராக வீட்டுக்குப் போவதில்லை. சந்திரம்மாள் வாசலில் வண்டியை நிறுத்தித் தொட்டியைத் தூக்கிக் காட்டுவார்கள். அவர் இருந்த இடத்திலிருந்தே தீர்ப்புச் சொல்வார். "அரளி வேண்டாங்க. மணி பிளான்ட்டா, மாடிக்குக் கொண்டுபோயிடுங்க, கடிச்சா வாய் வெந்துடும். செம்பருத்தி தாராளமா வைங்க." அவ்வளவுதான்.

தில்லை நகரில் இருதயநாதன் டாக்டரின் நாய் கிளினிக்கில் அவர் பத்தொன்பது வருஷமாக உதவியாளர். ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்வார், மேஜை துடைப்பார், வாந்தியை அள்ளுவார். அள்ளுவதற்கு முன் அதை உற்றுப் பார்ப்பார். உள்ளே கிடக்கும் இலைத் துணுக்கை வைத்து இன்ன செடி என்று டாக்டருக்கு முன்பே சொல்லிவிடுவார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவருக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. இருக்கட்டுமே, இருந்தால் என்ன?

சந்திரம்மாளைத் தங்கமானவர் என்று எழுதிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். ஆனால் பொறாமை வந்துவிட்டால் அவர் வேறு ஆள்.

கணவர் இறந்து, மகன் அஜித்தும் வேலைக்காக ஓசூர் போன பிறகு, சாக்கடையோரம் சொறி பிடித்துக் கிடந்த ஒரு குட்டியை எடுத்து வந்து மருந்து போட்டுத் தேற்றினார். கருப்பன் என்று பேர் வைத்தார். நான்கு வருஷம் அவன் அவர் வாசலை விட்டு நகரவில்லை. பிறகு எதிர்வீட்டுக்கு ஜோதி குடிவந்தாள். சின்னப் பெண், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை, தோட்டம் என்றால் உயிர். நாளெல்லாம் வீட்டில் இருப்பவள் கையால் மூன்று வேளை கோழிக்கறி. கருப்பன் மெல்ல ஜாகையை மாற்றிக்கொண்டான். அவள் அவனை பிளாக்கி என்று கூப்பிட்டாள். அந்தப் பயலும் கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் புதுப் பேருக்கு வாலாட்டினான். கிளினிக்கிலிருந்து திரும்பும் சந்திரம்மாள் பஸ் நிறுத்தத்திலிருந்தே அவனைத் தேடுவார். அவன் எதிர்வீட்டு கேட்டுக்குள் படுத்தபடி ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பான். அவர் வீட்டுக்குள் போய்ச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிடுவார்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜோதி கூப்பிட்டாள். "அக்கா, இங்க வாங்களேன். செங்காந்தள் நடப்போறேன். நம்ம மாநிலப் பூவாச்சே."

சந்திரம்மாள் போய்ப் பார்த்தார். இரண்டாகக் கவைத்து வளைந்த கிழங்கு. அவர் உப்பிலியபுரம் பக்கத்துப் பெண். அங்கே இதற்குக் கண்வலிக்கிழங்கு என்று பேர். அவருடைய அப்பாவே பயிரிட்டிருக்கிறார். வயலில் இருந்து வந்தால் கையை மூன்று தரம் கழுவாமல் பிள்ளைகளைத் தொடமாட்டார். மாடோ நாயோ மனிதரோ, தின்றால் பிழைப்பது கஷ்டம். ஜோதியோ அதைத் தொட்டியில் வைத்து, யாரோ சொன்னார்கள் என்று உரத்துக்கு இரண்டு கை எலும்புத்தூளும் போட்டாள். எலும்பு வாசனைக்கு எந்த நாய் தோண்டாமல் இருக்கும்?

சொல்ல வாயெடுத்தார். அப்போது கருப்பன் வந்து ஜோதி மடியில் தலையை வைத்தான்.

"பிளாக்கி, அக்காகிட்ட போ," என்றாள் ஜோதி. அவன் அசையவில்லை.

"நல்லா வரும்," என்று சொல்லிவிட்டு சந்திரம்மாள் வீட்டுக்குப் போய்விட்டார்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். மறுநாள் நாயின் கழுத்தில் புதுச் சிவப்புப் பட்டை. பார்த்ததும் சொல்ல மனசு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

புதன்கிழமை கிளினிக் விடுமுறை. மத்தியானம் ஜோதி அலறினாள். தொட்டி கவிழ்ந்து கிடந்தது, கிழங்கில் பாதியைக் காணோம். கருப்பன் வாயில் நுரை. சந்திரம்மாள் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து அவனை அள்ளி ஆட்டோவில் போட்டார். ஆட்டோவிலிருந்தே டாக்டருக்கு போன். "கண்வலிக்கிழங்குங்க டாக்டர். அரை மணி நேரங்கூட ஆகல. நீங்க கிளினிக்குக்கு வந்துடுங்க." வாந்தி எடுக்க வைத்து, விஷத்தை உறிஞ்சக் கரி கரைத்துக் கொடுத்து, ஐந்து நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். ஐந்து நாளும் சந்திரம்மாள் கிளினிக்கை விட்டு வீட்டுக்கு வரவில்லை. நாய் பிழைத்தது. என்ன தின்றான் என்று உடனே தெரிந்ததால்தான் பிழைத்தான் என்றார் டாக்டர்.

திரும்பி வந்த அன்று தெருவே வாசலில் நின்றது. நானும் நின்றேன். ஜோதி அழுதுகொண்டே சங்கிலியைச் சந்திரம்மாள் கையில் கொடுத்தாள்.

"நீங்க இல்லைன்னா செத்திருப்பான்க்கா. எனக்கு நாய் வளர்க்கத் தெரியல. கருப்பன் இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும்."

வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போயிருக்கலாம். வேண்டியது கைக்கு வந்துவிட்டது. சந்திரம்மாள் நின்றார்.

"நீ நடும்போதே அது விஷம்னு எனக்குத் தெரியும், ஜோதி."

ஜோதி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "அப்ப ஏன்க்கா சொல்லல?"

"அவன் உன்கூடயே இருந்தான். எனக்குப் பொறுக்கல."

ஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். சந்திரம்மாள் சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தார்.