முதல் ண-வின் புள்ளி

லிவர்மோரிலிருந்து மகள் வீடியோ காலில் வரும்போது, அவள் முகத்தைவிட அவளுக்குப் பின்னாலிருக்கும் சுவரைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். "அம்மா, லுக் அட் மீ" என்று அதட்டுவாள். சுவரில் அவளுக்கும் மாப்பிள்ளைக்குமான கெத்துபா தொங்குகிறது. யூதர்கள் கல்யாணத்தில் கையெழுத்திடும் ஒப்பந்தம் அது. படம்போல அலங்கரித்து, சட்டம் போட்டு வீட்டில் மாட்டிக்கொள்வார்கள். நான் அதில் ஒரு புள்ளியைத் தேடுவேன். அவ்வளவு தூரத்திலிருந்து அது தெரிவதேயில்லை.

அதைச் செய்தவர் என் சம்பந்தியம்மா. வெள்ளைத் தாள் ஒன்றைச் சின்னக் கத்தியால் வெட்டி வெட்டியே மான், மாதுளை, கொடி என்று ஒரு தோட்டத்தை வரவழைத்துவிடுவார். இங்கிலீஷில் சம்பந்திக்குச் சொல்லே கிடையாது, எங்கள் பழைய யித்திஷ் மொழியில் உண்டு என்று முதல் நாளே சொன்னார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

ஹீப்ரூவும் இங்கிலீஷும் இருக்கிற இடத்தில் தமிழும் ஒரு வார்த்தை இருக்கட்டும் என்று அவர்தான் கேட்டார். நான் "கண்ணு" என்று எழுதிக் கொடுத்தேன். மகளை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அவளோ ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை சாக்கர் விளையாட்டுக்காக மூன்றாம் வகுப்போடு விட்டவள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டுப் பேச்சு இதுதான். ஒரு தடவையாவது அவள் தமிழ் படித்துக் கேட்டுவிட மாட்டோமா என்று எனக்கு ஏக்கம். சொன்னால் சண்டை வரும், அதனால் சொல்வதில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் டைனிங் டேபிள்மேல் சம்பந்தியம்மா அதை விரித்தார். வெட்டிய தாளுக்கு அடியில் நீலத் தாள் ஒட்டியிருந்தார். கொடிகளுக்கு நடுவே "கணணு" என்று இருந்தது.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரே தாளில் வெட்டும்போது எல்லாமே எதையாவது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தனியாக நிற்கிற புள்ளி உதிர்ந்துவிடும். ஏதோ அலங்காரம்தானே என்று விட்டிருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. "பியூட்டிஃபுல்" என்று மட்டும் சொன்னேன். இதை யார் படிக்கப்போகிறார்கள்?

மகள் குனிந்து பார்த்தாள். விரலை வைத்து, உதடு அசைய எழுத்துக் கூட்டினாள்.

"க... ண... ணு. அம்மா, இது நான் இல்லையே. எழுத்து மேல வைக்கிற அந்த டாட் எங்கே?"

விஷயம் புரிந்ததும் சம்பந்தியம்மா பதறிப்போய் ஸாரி, ஸாரி என்றார். மகள் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, மிச்சத் தாளில் மிளகளவு ஒரு வட்டம் வெட்டி, பசை தடவி விரல் நுனியில் எடுத்துக்கொண்டாள்.

எந்த ண-வின் தலையில் வைப்பது என்று அவள் என்னைக் கேட்கவில்லை.