ரகு என்றொரு சோதனை

நேற்று கஹவத்தை பஸ்ஸில் ஒருவர் ரப்பர் ஷீட் கட்டோடு வந்து என் பக்கத்தில் நின்றார். அந்தப் புகை வாடை எல்லாரையும் மூக்கைச் சுளிக்க வைக்கும். எனக்கோ கோபம் வரும். சிரிக்காதீர்கள். என் முதல் வேலை இரத்தினபுரியில், ரப்பர் வாங்கும் கடைக்கு மேல்மாடியில்.

வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு நாங்கள் கம்பைலர் செய்துகொண்டிருந்தோம். எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள் அது. மாற்றிய நிரல் ஓடும்போது பொதுவான லைப்ரரி ஒன்றை, அதாவது ஆயத்தமாக எழுதிவைத்த நிரல் தொகுப்பை, தேடி எடுக்கும். அந்த லைப்ரரியில் ஒரு பிழையைத் திருத்துவது என் பொறுப்பு. திருத்தினேன். என் கணினியில் சரி. சோதனைக் கணினியில் மட்டும் எல்லாம் சிவப்பு, அதாவது தோல்வி. மறுபடி திருத்தினேன். மறுபடியும் சிவப்பு.

எங்கள் லீடர் ரகு, பலாங்கொடை பஜாரில் கடை வைத்திருந்தவரின் மகன். எல்லாரும் கேட்கச் சொன்னார்:

"லயத்துல இருந்து வந்தவங்களுக்கு இதெல்லாம் ஏறாதுங்க. கொழுந்து பறிக்கவே போயிருக்கலாம்."

சிலர் சிரித்தார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில்தான் நான் வளர்ந்தேன். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அம்மா அப்போதுதான் தோட்டத்தில் பேர் வெட்டிக்கொண்டு, வேலையை விட்டு வீட்டில் நின்றிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பக்கத்து மேசை தில்ருக்ஷி அக்கா மட்டும், "நங்கி, ஆயெத் பலன்ன. திரும்பப் பாரு" என்று சிங்களத்தில் தங்கச்சி முறை வைத்துச் சொன்னார்.

பார்த்தேன். லைப்ரரியை எந்தெந்த ஃபோல்டரில், எந்த வரிசையில் தேடுகிறது என்று சோதனைக் கணினியையே சொல்ல வைத்தேன். முதல் இடத்தில் நின்றது ரகுவின் சொந்த ஃபோல்டர். உள்ளே லைப்ரரியின் பழைய பிரதி. அவர் எப்போதோ தன் வசதிக்காகச் சேர்த்துவிட்டு மறந்திருக்கிறார். நான் எத்தனை முறை திருத்தினாலும் சோதனை ஓடியது அந்தப் பழையதில்தான்.

"ரகுகிட்ட தனியா சொல்லிரு நங்கி."

"என்னைய தனியாவா சொன்னாரு அக்கா?"

வாடிக்கையாளர் வீடியோவில் வரும் கூட்டம்வரை வாயைத் திறக்கவில்லை. ருசியான காத்திருப்பு அது. முதலாளியும் இருந்தார். திரையைக் காட்டிக் கேட்டேன்:

"ரகு அண்ணா, இந்த ஃபோல்டர் யாரோடதுங்க?"

"என்னோடது."

"உள்ள என்னங்க இருக்கு?"

நானே திறந்து பழைய பிரதியைக் காட்டினேன். அந்த ஃபோல்டரைத் தேடும் வரிசையிலிருந்து நீக்கி, சோதனையை ஓட்டினேன். வரிவரியாகப் பச்சை.

"சின்ன விஷயந்தானே" என்றார் ரகு.

"சின்ன விஷயத்துக்கா லயத்த இழுத்தீங்க?"

அவர் முகம் கறுத்தது. எனக்குப் போதவில்லை. தேடும் வரிசையில் யாருடைய சொந்த ஃபோல்டராவது நுழைந்தால் பிடிக்கும் புதிய சோதனை ஒன்றை எழுதி, அதற்கு 'ரகு' என்று பெயர் வைத்தேன். தினமும் முடிவுகளின் உச்சியில் அந்தப் பெயர் வரும்.

"பேர மாத்திரு தங்கச்சி" என்று ஒருநாள் வந்து நின்றார். அன்றுதான் அவருக்குத் தங்கச்சியானேன்.

"கிளையண்டுக்குப் புடிச்சிருக்குங்க" என்றேன்.

என் வேலை நிரந்தரமானது. அவர் கொழும்புக்குப் போனார். மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் மன்னிக்கவில்லை.

இப்போது அந்த மாடியில் போன் கடை. கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்தக் கம்பைலரையும் வாடிக்கையாளர் கைவிட்டு, சோதனைகளையெல்லாம் அழித்துவிட்டாராம். ரகுவின் பெயரும் அதோடு போயிற்று. அந்த ஒன்றுக்குத்தான் என் வருத்தம்.